போனைப் பறிச்சவன் மூணாம் நாள் டீக்கடையில நிக்கிறான்: இளைஞர் நீதிக் குழுமம்னா என்னதான் பண்ணுது?

விளக்குத்தூண் வியாபாரி (வியாழன், இரவு 11.20)

எல்லாருக்கும் வணக்கம். கோவத்துல எழுதுறேன், வார்த்தை முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க.

போன மாசம் கடையைச் சாத்திட்டு வர்ற வழியில வைகைத் தென்கரை ரோட்டோரமா வண்டியை நிப்பாட்டி வீட்டுக்குப் பேசிக்கிட்டிருந்தேன். மணி ஒம்பதே முக்கால் இருக்கும். பைக்ல ரெண்டு பேர் வந்தாய்ங்க. பின்னாடி இருந்தவன் காதோட சேத்துப் போனை உருவிட்டுப் போயிட்டான். தொரத்தப் போயி முட்டியைச் செராச்சதுதான் மிச்சம்.

போன் வெலை பதினாலாயிரம். அது போனாப் போகுது. எங்க கடையில பாதி யாவாரம் கடன்தான். பற்று நோட்டை எலி கடிச்சதுல இருந்து ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்துப் போன்லதான் வச்சிருந்தேன். 11 பேரு பாக்கி, 38 ஆயிரத்துச் சொச்சம், எல்லாம் அதுக்குள்ள.

ஒம்பது நாள் கழிச்சு கேமராவைப் பாத்துப் புடிச்சாய்ங்க. பின்னாடி உக்காந்திருந்த பயலுக்கு 16 வயசாம். "சின்னப் பையன் சார், எஃப்.ஐ.ஆர். எல்லாம் போட முடியாது"ன்னு ஸ்டேஷன்ல சொல்றாங்க. எந்த ஸ்டேஷன்னு சொல்ல விரும்பல. மூணாம் நாள் காலையில அதே பய டீக்கடை வாசல்ல நின்னு வடை திங்கிறான். என்னைப் பாத்துட்டு மொகத்தைத் திருப்பிக்கிட்டான்.

இவனுக்குத் தண்டனை கெடையாதா? விசாரிச்சா "இளைஞர் நீதிக் குழுமம்"ங்கிறாங்க. வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

உசிலையான் (வியாழன், இரவு 11.41)

இதுல தெரிஞ்சுக்க என்ன இருக்குண்ணே. 18 வயசுக்குக் கீழன்னா கொலையே பண்ணலாம், மூணு வருசம் சோறு போட்டு அனுப்பிருவாய்ங்க. டெல்லியில 2012ல நிர்பயா வழக்குல என்ன நடந்துச்சு? அதுல ஒருத்தனுக்கு வயசு பத்தலன்னு மூணே வருசம். இப்ப ரவுடிங்க எல்லாம் சின்னப் பயலுக கையில அருவாளைக் குடுத்துல்ல அனுப்புறாய்ங்க.

சிந்தாமணி சிவப்பு (வெள்ளி, காலை 6.05)

அண்ணே, நீங்க சொல்ற ஆளு எங்க தெரு வாட்ஸ்அப் குரூப்ல சுத்திக்கிட்டிருக்கான். போட்டோவும் பேரும் கீழ போட்டிருக்கேன், எல்லாரும் உசாரா இருங்க.

[படம் நீக்கப்பட்டது]

மன்ற நிர்வாகி (வெள்ளி, காலை 7.30)

மேலே இருந்த படத்தையும் பெயரையும் எடுத்துவிட்டோம். வழக்கில் சிக்கிய 18 வயதுக்குட்பட்டவரின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு இது. ஆறு மாதம் வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வாட்ஸ்அப்பும் இதில் அடங்கும். பகிர்ந்தவர் அந்தக் குழுவிலிருந்தும் எடுத்துவிடுவது அவருக்கு நல்லது. விவாதம் தொடரட்டும்.

கறுப்புக்கோட்டு (வெள்ளி, காலை 9.12)

வியாபாரி அண்ணே, ஒவ்வொண்ணா சொல்றேன். நீளமா இருக்கும்.

முதல்ல எஃப்.ஐ.ஆர். விஷயம். ஸ்டேஷன்ல சொன்னது பாதி சரி. 2016 மாதிரி விதிகள்படி, சிறார் செஞ்சது கொடுங்குற்றமா இல்லாத பட்சத்துல எஃப்.ஐ.ஆர். போடக் கூடாது. ஸ்டேஷனோட பொது நாட்குறிப்புல பதிஞ்சு, பையனோட குடும்பப் பின்னணி அறிக்கையும் சேத்துக் குழுமத்துக்கு அனுப்பணும். ஆனா 18 முடிஞ்ச பெரியவன் ஒருத்தனோட சேந்து செஞ்சிருந்தா எஃப்.ஐ.ஆர். போட்டாகணும். அதனால என்னோட கேள்வி: வண்டி ஓட்டுனவனுக்கு என்ன வயசு?

அடுத்து, "மூணாம் நாள் வெளிய நிக்கிறான்". இது சலுகையும் இல்ல, யாரும் காசு வாங்கிக்கிட்டு விட்டதும் இல்ல. சிறாருக்கு ஜாமீன் குடுக்கிறதுதான் விதி, மறுக்கிறதுதான் விதிவிலக்கு. மறுக்கணும்னா மூணு காரணத்துல ஒண்ணு இருக்கணும்: வெளிய விட்டா குற்றவாளிங்க சகவாசத்துல போய் விழுவான், இல்ல அவனுக்கே ஆபத்து வரும், இல்ல நீதியோட நோக்கமே கெட்டுப்போகும். போலீஸ் லாக்கப்புல ஒரு ராத்திரி கூட வைக்கக் கூடாது. புடிச்ச 24 மணி நேரத்துக்குள்ள குழுமத்து முன்னாடி நிறுத்தணும், கைவிலங்கு கூடாது, காக்கிச் சட்டையும் கூடாது. ஜாமீன் கெடைக்கலன்னா கூர்நோக்கு இல்லம். நம்ம ஜனங்க இன்னும் "சீர்திருத்தப் பள்ளி"ன்னுதான் சொல்வாங்க.

குழுமம்னா ஒரு மாஜிஸ்திரேட், ரெண்டு சமூகப் பணியாளர்கள். அந்த ரெண்டு பேர்ல ஒருத்தராவது பெண்ணா இருக்கணும். விசாரணையை நாலு மாசத்துல முடிக்கணும், ரெண்டு மாசம் வரை நீட்டிக்கலாம். சிறு குற்றமா இருந்து அதுக்கும் மேல இழுத்தா வழக்கே முடிஞ்சுபோகும்.

கடைசியா, உங்களுக்குக் கோவம் வரப்போற விஷயம். ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த புது நியாய சன்ஹிதாவுல பறிப்புக்குன்னே 304ஆம் பிரிவு இருக்கு. உச்ச தண்டனை மூணு வருஷம். மூணு வருஷம் வரை உள்ளதெல்லாம் இளைஞர் நீதிச் சட்டத்துல "சிறு குற்றம்".

விளக்குத்தூண் வியாபாரி (வெள்ளி, மதியம் 2.15)

வக்கீல் தம்பி, வெளக்கத்துக்கு நன்றி. ஆனா "சிறு குற்றம்"ங்கிற வார்த்தையைப் படிச்சதும் சாப்பாடு எறங்கல. பறிகொடுத்தவனுக்கு அது சிறுசா பெருசான்னு யாரு கேட்டா?

வண்டி ஓட்டுனவனுக்கு 22. அவனை இன்னும் புடிக்கல.

கறுப்புக்கோட்டு (வெள்ளி, மதியம் 2.40)

அப்போ எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும் அண்ணே. எழுதிக் குடுத்து ரசீது வாங்குங்க. ரெண்டு பேரையும் சேத்து ஒரே இடத்துல விசாரிக்க முடியாது. பெரியவன் வழக்கு சாதாரணக் கோர்ட்டுல, சின்னவன் வழக்கு குழுமத்துல. நீங்க ரெண்டு எடத்துக்கும் சாட்சியா அலையணும். கஷ்டந்தான்.

உசிலையான் அண்ணே, உங்க கணக்கு பழசு. டெல்லி வழக்குல அந்தச் சிறாருக்கு 2013 ஆகஸ்ட் 31 அன்னிக்கு மூணு வருஷம் சிறப்பு இல்லம் (குற்றம் உறுதியான சிறாரை வைக்கிற இடம்)னு உத்தரவாச்சு. 2000ஆம் வருஷச் சட்டத்துல அதுதான் உச்சம். அவன் வெளிய வந்த அதே 2015 டிசம்பர்லதான் மாநிலங்களவையில புதுச் சட்டம் நிறைவேறுச்சு. 2016 ஜனவரி 15ல இருந்து நடைமுறையில இருக்கு. இப்போ 16 முடிஞ்சவன் கொலை மாதிரி கொடுங்குற்றம் பண்ணினா, அதாவது குறைஞ்சபட்சத் தண்டனையே ஏழு வருஷம் உள்ள குற்றம்னா, குழுமம் முதல்கட்ட மதிப்பீடு செஞ்சு பெரியவங்களைப் போல விசாரிக்கக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அங்க பத்து வருஷம் கூடப் போடலாம். தூக்கு கெடையாது, விடுதலைக்கே வழியில்லாத ஆயுள் கெடையாது, அவ்வளவுதான்.

சின்னப் பயலுகளை ஏவிவிடுறாங்கன்னு சொன்னீங்களே, அதுக்கும் பிரிவு இருக்கு. சட்டவிரோத வேலைக்குச் சிறாரைப் பயன்படுத்துற பெரியவனுக்கு 83ல ஏழு வருஷம் வரை கடுங்காவல், 5 லட்சம் அபராதம். கஞ்சா கடத்த அனுப்பினா 78. பிரிவெல்லாம் இருக்கு. குற்றப்பத்திரிகையில அதைச் சேக்க மறந்துடுறாங்க, அதுதான் நான் தினம் பாக்குற கொடுமை.

உசிலையான் (வெள்ளி, மாலை 5.50)

சரி, திருத்திக்கிறேன். ஆனா வறுமை, அறியாமைன்னு எல்லாத்துக்கும் ஒரே மருந்தைத் தடவாதீங்க. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில வீடு புகுந்து அந்தப் பையனையும் தங்கச்சியையும் வெட்டுனது கூடப் படிச்ச பள்ளிக்கூடப் பயலுக. அதுல எங்க வந்துச்சு வறுமை? சாதிதான் இருந்துச்சு. அதுக்குக் கவுன்சிலிங் குடுத்தா சரியாப் போகுமா?

மேலூர் டீச்சர் (வெள்ளி, இரவு 8.30)

உசிலைத் தம்பி கேட்ட கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை. வீட்டில் ஊட்டுவதைப் பள்ளிக்கூடத்தில் எடுக்க முடியவில்லை என்பது 34 வருஷம் சாக்பீஸ் பிடித்த எனக்குத் தெரியும்.

நான் சொல்ல வந்தது வேறு. 16 முடிந்தவன், 18 முடியாதவன் என்று வக்கீல் தம்பி கோடு போட்டுச் சொல்கிறாரே, அந்தக் கோட்டைப் போட்டது யார் தெரியுமா? என்னைப் போன்றவர்கள்தான்.

1980களில் மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை. அப்பா வயலில் இருந்து அப்படியே வந்திருப்பார், காலெல்லாம் சேறு. "எப்பப் பொறந்தான்?" என்றால் "பெரிய மழை பெஞ்ச வருசம், கம்மாய் ஒடைஞ்சுச்சே அப்ப" என்பார். பிறப்புச் சான்று கிடையாது. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்லுவோம். தொட்டால் அஞ்சு வயது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது அஞ்சு முடிந்திருக்க வேண்டுமே, அதனால் மே மாதத்தில் ஏதாவது ஒரு தேதி. எங்கள் பதிவேட்டில் ஒரு வருஷம் பதினேழு பிள்ளைகள் மே மாதத்தில் பிறந்திருந்தார்கள். தலைமையாசிரியர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

பிற்பாடு ஒரு நாள் கோர்ட்டிலிருந்து ஆள் வந்து ஒரு பையனின் சேர்க்கைப் பதிவேட்டைக் கேட்டார். அவன் 18 தாண்டிவிட்டானா இல்லையா என்று பார்க்க வேண்டுமாம். நான் எழுதிய தேதிப்படி 17 வருஷம் 11 மாதம். என் கையெழுத்தைப் பார்த்தபோது எனக்கு விரல் நடுங்கியது. அந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்று எனக்குத்தானே தெரியும்!

கறுப்புக்கோட்டு (வெள்ளி, இரவு 9.02)

டீச்சரம்மா, இதை நீங்க கோர்ட்டுல சொல்லாம இருந்தது ஒரு வகையில அந்தப் பையன் அதிர்ஷ்டம் 🙂

94ஆம் பிரிவுல வரிசையே அப்படித்தான். முதல்ல பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று. அது இல்லன்னா மாநகராட்சி, பஞ்சாயத்துக் குடுத்த பிறப்புச் சான்று. ரெண்டுமே இல்லன்னாதான் எலும்பு முற்றின அளவைப் பாக்குற மருத்துவச் சோதனை. குற்றம் நடந்த அன்னிக்கு என்ன வயசுங்கிறதுதான் கணக்கு, புடிபட்ட அன்னிக்கு இல்ல. வழக்கோட எந்தக் கட்டத்துலயும் "அப்போ நான் சிறார்"னு கிளப்பலாம், தீர்ப்பு வந்த பிறகும் கூட.

இன்னொண்ணு, பெருமையாவும் சொல்லலாம் வேதனையாவும் சொல்லலாம். இந்தியாவுலயே சிறாருக்குன்னு தனிச் சட்டம் முதல்ல போட்டது நம்ம சென்னை மாகாணம், 1920ல. வங்காளம் 1922, பம்பாய் 1924.

தாமரைத்தொட்டி (சனி, காலை 10.25)

இரண்டு தவணை குழுமத்தில் உறுப்பினராக இருந்திருக்கிறேன். எந்த மாவட்டம் என்பது வேண்டாம். மாஜிஸ்திரேட் அல்ல, கூட உட்காரும் சமூகப் பணியாளர்.

வியாபாரி ஐயா, உங்கள் கோபத்தைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே யாருக்கும் தெரிவதில்லை, அதனால் ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றுகிறது. நாற்காலி போட்டு மேசையைச் சுற்றி உட்காருவோம். கூண்டு இருக்காது. எதிரில் பையன், பக்கத்தில் அம்மா, அநேகமாக அம்மாதான். அப்பாக்கள் வருவது அபூர்வம்.

நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கே போய்ப் பார்த்து எழுதிய அறிக்கை கையில் இருக்கும். பதினைந்து நாளில் வர வேண்டும். சில அறிக்கைகள் உயிரோடு இருக்கும்: எந்த வகுப்பில் எதற்காக நின்றான், ராத்திரி எங்கே படுக்கிறான், யாரோடு சுற்றுகிறான் என்று. சில அறிக்கைகளில் "தந்தை: கூலி. பழக்கம்: உண்டு. சிபாரிசு: கண்டித்து அனுப்பலாம்" என்று மூன்று வரி. பெயரை மட்டும் மாற்றிய அதே மூன்று வரியை ஒரே நாளில் நாலு பையன்களுக்குப் படித்திருக்கிறேன். எழுதியவரை மட்டும் திட்டிப் பயனில்லை. ஒருவர் தலையில் அத்தனை பையன்களைக் கட்டினால் அப்படித்தான் வரும்.

நான் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். புகாரைப் பையனிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுவேன். ஒன்பதாம் வகுப்பு என்பான், முதல் வரியிலேயே நின்றுவிடுவான். எழுத்துக் கூட்டத் தெரியாது. பஸ் போர்டை எப்படிப் படிக்கிறாய் என்று கேட்டால் "நம்பரைப் பாத்து ஏறிக்குவேன் மிஸ்" என்பான். ஒருத்தன் இல்லை, வரிசையாக.

உத்தரவு என்று பார்த்தால் பல படிகள்: கண்டித்து அனுப்புவது, குழு ஆலோசனை, சமூக சேவை, பெற்றோருக்கு அபராதம், நன்னடத்தைக் கண்காணிப்பில் வீட்டுக்கு அனுப்புவது, கடைசிப் படிதான் சிறப்பு இல்லம், மூன்று வருஷத்துக்கு மேல் போகாது. கடைசிப் படியைத் தொடும்போதெல்லாம் எனக்குத் தூக்கம் வராது. 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் செத்துப்போனான், ஊழியர்களே கைதானார்கள். அதற்குப் பிறகுதான் இல்லங்களை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு குழு போட்டது. அனுப்புகிற இடம் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போடுகிறவர்களில் நானும் ஒருத்தியாக இருந்தேன்.

கொலை வழக்கில் முதல்கட்ட மதிப்பீடு என்று வக்கீல் சொன்னார். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும். குற்றம் செய்யும் மன, உடல் திறன் இருந்ததா, விளைவு புரிந்திருந்ததா, எந்தச் சூழ்நிலையில் செய்தான். இதை மூன்று பேர் ஒரு மணி நேரம் பேசிப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்! உளவியல் படித்தவர் குழுமத்தில் இல்லை என்றால் நிபுணர் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022ல்தான் சொன்னது.

லெஸ்டர் மதுரக்காரன் (சனி, மாலை 4.10)

செல்லூர்ல பொறந்து வளந்து இப்போ இங்கிலாந்துல இருக்கேன். "வெளிநாட்டுல எல்லாம் கடுமையா இருப்பாங்க"ன்னு யாராச்சும் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடறேன்.

இங்க 10 வயசு ஆனாலே குற்றம் சாட்டலாம். நம்மூர்ல ஏழு வரைக்கும் முழு விலக்கு, ஏழுல இருந்து பன்னெண்டு வரைக்கும் புரிஞ்சு செஞ்சானான்னு பாக்கணும். அந்த வகையில இவங்க கடுமைதான். 1993ல ரெண்டு வயசுக் குழந்தையைக் கொன்ன ரெண்டு பசங்களைப் பெரியவங்க கோர்ட்டுல நிறுத்தினாங்க. குட்டிப் பசங்க, கூண்டுக்குள்ள இருந்து வெளிய தெரியணும்னு தரையை ஒசத்திக் கட்டுனாங்களாம். அது நியாயமான விசாரணையே இல்லன்னு 1999ல ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொல்லிடுச்சு.

சாதாரண வழக்கெல்லாம் 10 முதல் 17 வயசு வரை இளையோர் நீதிமன்றம். ஜூரி கெடையாது, பொதுஜனம் உள்ள வர முடியாது, பசங்களைப் பேரு சொல்லித்தான் கூப்பிடுவாங்க.

நான் எழுத வந்ததே வியாபாரி அண்ணனுக்காக. முதல் தடவை மாட்டுற பய குற்றத்தை ஒத்துக்கிட்டா, பெரும்பாலும் அவனை ஒரு சின்னக் குழுவுக்கு அனுப்பிருவாங்க. ஊர்க்காரங்க ரெண்டு பேரு, இளையோர் குற்றப் பிரிவுல இருந்து ஒருத்தர். மூணு வருஷம் அதுல தன்னார்வலரா உக்காந்திருக்கேன். பாதிக்கப்பட்டவங்களையும் கூப்பிடுவோம், விருப்பம் இருந்தா வரலாம். ஒரு தடவை வயசான அம்மா ஒருத்தங்க வந்தாங்க. அவங்க தோட்டத்துக் கண்ணாடிக் கூடத்தை ஒருத்தன் கல்லால அடிச்சு நொறுக்கிட்டான். அவங்க அவனைத் திட்டவே இல்ல. உள்ள என்னென்ன செடி இருந்துச்சுன்னு வரிசையாச் சொன்னாங்க. பயபுள்ள தலை நிமிரல.

நியூசிலாந்துல இதை 1989லயே சட்டமாக்கி, குடும்பத்தையும் பாதிக்கப்பட்டவங்களையும் ஒண்ணா உக்கார வச்சுத்தான் முடிவெடுக்கிறாங்க. நம்ம சட்டத்துல வியாபாரி அண்ணனுக்குன்னு ஒரு நாற்காலி இருக்கா?

கறுப்புக்கோட்டு (சனி, மாலை 4.55)

இல்ல. சாட்சி நாற்காலி மட்டும்தான். அபராதம் விதிச்சாலும் அது அரசாங்கத்துக்கு. முடிவு என்ன ஆச்சுன்னு புகார்தாரருக்குச் சொல்லியாகணும்னு யாரும் மெனக்கெடுறது இல்ல. அடையாளத்தைக் காக்கணும்னு கதவைச் சாத்துறோம், அதுல அண்ணனும் வெளிய நின்னுக்கிட்டிருக்கார்.

ஸ்பேனர் (ஞாயிறு, இரவு 12.40)

ரொம்ப நாளா இங்க படிக்கிறதோட சரி, எழுதுனது இல்ல. இன்னிக்கு எழுதணும்னு தோணுது. பேரு கேக்காதீங்க.

நான் 21 நாள் உள்ள இருந்தவன். 15 வயசுல. பரோட்டாக் கடையில எச்சி எல எடுத்துக்கிட்டிருந்தப்ப, கூட வேல பாத்த அண்ணன் "வண்டியைக் கொண்டாந்து இந்தச் சந்துல நிப்பாட்டு"ன்னான். சாவியையும் குடுத்தான். யாரு வண்டின்னு நான் கேக்கல. கேக்கலங்கிறது பொய், கேக்கத் தோணல. ஓட்டுறதுக்கு ஒரு வண்டி கெடைக்குது, அதுதான் தெரிஞ்சுச்சு.

உள்ள போன மொத ராத்திரி மட்டும் சொல்றேன். 9 மணிக்கு லைட்டை அணைச்சாங்க. நான் கடையில ராத்திரி ஒண்ணரை வரைக்கும் கல்லு பக்கத்துல நிக்கிறவன். ஒம்பது மணிக்கு எப்படித் தூங்குறதுன்னு தெரியல. ஃபேன் சுத்துறதை எண்ணிக்கிட்டுக் கெடந்தேன். பக்கத்துல ஒரு பய, என்னை விடச் சின்னவன், தூக்கத்துல "அக்கா, கதவத் தெற"ன்னுக்கிட்டே இருந்தான்.

மறுவாரம் குழுமத்துல மேடம் கேட்ட மொதக் கேள்வி, "காலையில என்ன சாப்பிட்ட?" நான் உப்புமான்னேன். "உப்புமா புடிக்குமா?" புடிக்காதுன்னேன். எல்லாரும் சிரிச்சுட்டாங்க, எனக்கு அழுகை வந்துருச்சு. அந்த எடத்துலதான் அந்த அண்ணன் பேரைச் சொன்னேன். ஸ்டேஷன்ல கேட்ட கேள்விக்கெல்லாம் சொல்லாதவன்.

தாமரைத்தொட்டி மேடம் கேட்டா வருத்தப்படாதீங்க. உங்க ஆளுங்க வெளிய அனுப்பும்போது ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்குனாங்க, மாசாமாசம் வந்து பாக்கணும்னாங்க. ரெண்டு மாசம் போனேன். மூணாவது மாசம் சார் மாறிட்டார். புது சாருக்கு என்னைத் தெரியல, "எந்த கேஸு?"ன்னார். அதுக்கப்புறம் நான் போகல, யாரும் தேடல. நான் உருப்பட்டது எங்க மாமா பட்டறையில கொண்டுபோய் ஒக்கார வச்சதால. அவரு மட்டும் இல்லன்னா அந்த அண்ணன் அடுத்த சாவியைக் குடுத்திருப்பான், நானும் வாங்கியிருப்பேன்.

ஒரு சந்தேகம் வக்கீல் சார். பாஸ்போர்ட் எடுக்கணும். வழக்கு இருந்ததான்னு கேட்டா என்ன எழுதுறது?

கறுப்புக்கோட்டு (ஞாயிறு, காலை 8.20)

தம்பி, நீங்க எழுதுனதுக்கு நன்றி. 24ஆம் பிரிவு உங்களுக்காகத்தான் இருக்கு. சிறார் வழக்குல குற்றம் நிரூபணமானாலும் அதனால எந்தத் தகுதிக் குறைவும் வராது. பெரியவங்களைப் போல விசாரிச்ச வழக்குக்கு மட்டும்தான் இது பொருந்தாது. மேல்முறையீட்டுக் காலம், அதுக்கு மேல விதியில சொன்ன காலம் முடிஞ்சதும் ஆவணங்களை அழிக்கணும். சிறுவயசு வழக்கைக் காட்டி வேலை மறுக்கக் கூடாதுன்னு 2019ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. படிவத்தை நிரப்புறதுக்கு முன்னாடி உத்தரவு நகலோட மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல இலவசமா ஆலோசனை கேட்டுக்கோங்க. பொதுவெளியில இதுக்கு மேல நான் சொல்லக் கூடாது.

மேலூர் டீச்சர் (ஞாயிறு, காலை 9.00)

ஸ்பேனர் தம்பி, உன் மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லு.

உசிலையான் (ஞாயிறு, காலை 11.15)

எல்லாருக்கும் ஒரு மாமா இருக்க மாட்டாரே தம்பி. அதுதான் என் சண்டையே. சட்டம் மாமாவை நம்பி நடக்கக் கூடாதுல்ல.

விளக்குத்தூண் வியாபாரி (நாலு மாதம் கழித்து, புதன், இரவு 10.05)

இழையை மேல கொண்டு வந்ததுக்கு மன்னிக்கணும். நடந்ததைச் சொல்லிடறேன்.

வக்கீல் தம்பி சொன்ன மாதிரி எழுதிக் குடுத்து எஃப்.ஐ.ஆர். ஆச்சு. வண்டி ஓட்டுனவன் திருமங்கலம் பக்கம் மாட்டுனான். போனை செகண்ட் ஹேண்ட்ஸ் கடையில இருந்து எடுத்தாங்க. அந்தப் பய அதை வித்தது 1,200 ரூவாய்க்கு. அதுல அவனுக்கு 300.

குழுமத்துல இருந்து சாட்சிக்குக் கூப்பிட்டாங்க. மேசையைச் சுத்தி ஒக்காந்திருந்தாங்க, தாமரைத்தொட்டி மேடம் எழுதுன மாதிரியே. போலீஸ்காரர் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தார், எனக்கு அடையாளமே தெரியல. பையன் வெள்ளச் சட்டை. காலர்ல துணி சோப்பு வெள்ளையா அப்படியே காஞ்சு ஒட்டியிருந்துச்சு.

கேள்வியெல்லாம் முடிஞ்சதும் "நான் ஒண்ணு சொல்லலாமா"ன்னேன். மாஜிஸ்திரேட் அம்மா "சொல்லுங்க"ன்னாங்க. லெஸ்டர் தம்பி சொன்ன செடிக் கதைதான் மனசுல இருந்துச்சு. திட்டணும்னுதான் போனேன். ஆனா எலி கடிச்ச நோட்டு, 11 பேரு, 38 ஆயிரம், அதுல நாலு பேரு இப்ப "நான் உனக்குத் தரவே வேண்டாமே"ன்னு சொல்றது, இதையெல்லாம் வரிசையாச் சொன்னேன். அவன் மெதுவா, "அண்ணே, லாக்கை எடுக்க முடியலன்னு கடைக்காரர் எல்லாத்தையும் அழிச்சுட்டாரு"ன்னான். அது எனக்கும் தெரியும். ஆனா அவன் வாயால கேட்டது வேற மாதிரி இருந்துச்சு. எப்படின்னு சொல்லத் தெரியல.

எனக்கு மனசு மாறிடுச்சுன்னு யாரும் நெனச்சுக்காதீங்க. இன்னும் அந்த ரோட்டுல போன் பேசுறதுக்குக் கை வரல.

என்ன உத்தரவுன்னு யாரும் எனக்குச் சொல்லல. வெளிய அவன் அம்மாதான் சொன்னாங்க. ஒரு வருசம் அவங்க பொறுப்புல, கண்காணிப்புல இருக்கணுமாம். அதோட ஒரு மாசம் சனிக்கெழமை சனிக்கெழமை சமூக சேவை. அந்தம்மா மொத்த மார்க்கெட்ல வெங்காயம் உரிக்கிறவங்க. வெரல் நுனியெல்லாம் தோலு உரிஞ்சு செவந்து கெடந்துச்சு. "ஸ்கிரீன் ஒடஞ்சதுக்கு மாசம் ஐநூறு தர்றேண்ணே"ன்னாங்க. வேண்டாம்னுட்டேன். வாங்கியிருக்கணுமோன்னு பஸ்ல வரும்போது தோணுச்சு, பொய் சொல்லல.

தாமரைத்தொட்டி (புதன், இரவு 10.40)

நீங்கள் பேசியது நல்லது ஐயா. என் தவணைகளில் புகார் கொடுத்த யாரையும் பேசச் சொல்லி நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். எந்த விதியும் தடுக்கவில்லை.

ஸ்பேனர் (புதன், இரவு 11.30)

அண்ணே, போன் கைக்கு வந்துருச்சா? பழைய ஜிமெயிலைப் போட்டு உள்ள போனா கூகுள் போட்டோஸ்ல பேக்கப் இருக்கான்னு பாத்தீங்களா? போனை அழிச்சாலும் அது அழியாது.

விளக்குத்தூண் வியாபாரி (வியாழன், காலை 7.10)

போன் இன்னும் கோர்ட்டுலதான் இருக்கு தம்பி. ஆனா மகளை வச்சு அவ போன்ல பழைய மெயிலைப் போட்டுப் பாத்தோம். ஏழு பக்கம் இருக்கு! மீதி நாலு பக்கம் பறிபோன அன்னிக்குக் காலையில எடுத்தது, ஏறல. தரமாட்டேன்னவன் ஒருத்தன் பக்கம் அந்த ஏழுல இருக்கு. இன்னிக்கு அவன் கடைக்குப் போறேன்.

கறுப்புக்கோட்டு (வியாழன், காலை 9.30)

போனைத் திருப்பிக் கேட்டு மனு போடுங்க அண்ணே, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 451, இப்போ அதுக்குப் பதிலா வந்த புதுச் சட்டத்துல 497. வாங்குன பில், ஐ.எம்.இ.ஐ. நம்பர் ரெண்டும் வேணும். அப்புறம் அந்த 22 வயசுக்காரன் வழக்குல சம்மன் வரும். போகாம இருந்துடாதீங்க, சின்னவனை ஏவுனதுக்கு 83 சேத்திருக்காங்களான்னு நான் பாத்துச் சொல்றேன்.

விளக்குத்தூண் வியாபாரி (வியாழன், காலை 9.42)

போறேன் தம்பி. திங்கக்கெழமையா மட்டும் வராம இருந்தாச் சரி, அன்னிக்குத்தான் ஈரோட்டுச் சரக்கு எறங்கும்.